பல்லை உடைத்த முதலுதவி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. ஒரு முன்பல்லும் ஒரு கழுத்துப்பட்டை எலும்பும் நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். அப்பா நலம், உன் தங்கை நலம், சமையலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகுகிறது. அங்கே நீயும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன், ஏனென்றால் போகப் போக இந்தக் கடிதத்தில் உன்னைத் திட்டப்போகிறேன், திட்டு வாங்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். எழுதும் கை உன் தங்கையுடையது, பேச்சு என்னுடையது. என் வலது கையைத் தூளியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவள் மேசையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவது போல எழுதுகிறாள், நான் பேசுவதை எல்லாம் நல்ல தமிழில் ஆக்கிவிடுகிறாள். சைக்கிள் சங்கத் தலைவரைப் பற்றி நான் சொல்லும் சில சொற்களை மட்டும் எழுத முடியாது என்கிறாள், அவற்றுக்குப் பதிலாக ‘அந்தப் பெரியவர்’ என்று போடுகிறாள். ஆகவே ‘அந்தப் பெரியவர்’ என்று வரும் இடத்தில் எல்லாம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே நிரப்பிக்கொள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ நாலு தடவை ‘சரிம்மா சரிம்மா’ என்கிறாய், அது ஒன்று. இன்னொன்று, பல் போன இடத்தில் காற்று போகிறது, பேச்சு குழறுகிறது, அதைக் கேட்டால் மாத்திரையின் வேலை என்று நீ முடிவு கட்டிவிடுவாய். நீ இப்போதெல்லாம் முடிவு கட்டுவதில் வேகமாகத்தான் இருக்கிறாய்.

விசில், அதாவது அந்தச் சங்கத் தலைவர், உனக்குப் போன் செய்ததும், நீ அவருக்குக் குரல் பதிவு அனுப்பியதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அன்று என்ன நடந்தது என்பதை என் வாயால் கேள், ஏனென்றால் அதை நீ இதுவரை அவர் வாயால்தான் கேட்டிருக்கிறாய். எனக்கு அன்று வலிப்பு வரவில்லை. இந்த வாக்கியத்துக்குக் கீழே கோடு போடச் சொன்னேன், கோடு போட்டால் கடிதம் அசிங்கமாக இருக்கும் என்று உன் தங்கை போடவில்லை, நீ மனதுக்குள் போட்டுக்கொள்.

விசில் யார் என்று உனக்குத் தெரியாது, அவர் குரல்தான் தெரியும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் சங்கத்தின் தலைவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் எங்கே பார்த்தாலும் ஆபத்துதான் அவர் கண்ணுக்குத் தெரியும். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பள்ளம் வந்தால் ஒரு ஊது, நாய் வந்தால் இரண்டு ஊது, தேநீர்க் கடை வந்தால் நீளமாக ஒரு ஊது. நான் சங்கத்தில் சேர்ந்தபோது எனக்கு வலிப்பு நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன், கடைசியாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது, வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது காதில் விழுந்ததற்கு அடையாளம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அன்று முதல் நான் அவர்களுக்குச் சைக்கிள் ஓட்டுகிற பெண் இல்லை, சைக்கிள் மேல் வைத்திருக்கிற கண்ணாடிப் பாத்திரம். நான் தண்ணீர் குடித்தால் பார்ப்பார்கள், குடிக்காவிட்டால் பார்ப்பார்கள். ஒரு தடவை கொட்டாவி விட்டேன், மொத்தக் கூட்டமும் பிரேக் போட்டது. இவர்களில் பாதிப் பேர் மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறவர்கள், நான் அவர்களைத் தாண்டி மிதித்துப் போகும்போது பின்னாலிருந்து ‘பாத்து, பாத்து’ என்று மூச்சு வாங்கிக்கொண்டு எச்சரிக்கை வேறு.

அன்று காலை சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் நேர் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பள்ளம் இல்லை, நாய் இல்லை, வண்டி இல்லை, துடைத்து விட்ட மாதிரி சாலை. விசில் எனக்கு முன்னால். நான் நன்றாக இருக்கிறேனா என்று அவர் ஒவ்வொரு விளக்குக் கம்பத்துக்கும் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கழுத்து திரும்பினால் கையும் திரும்பும் என்பது சைக்கிள் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு தடவை திரும்பினார், அவர் வண்டி வளைந்து என் பக்கம் வந்தது, அவருடைய பின்சக்கரமும் என்னுடைய முன்சக்கரமும் உரசின, நான் விழுந்தேன். இவ்வளவுதான். எனக்கு வலிப்பு வருகிறதா என்று பார்க்கத் திரும்பித்தான் அந்தப் பெரியவர் என்னைத் தள்ளிவிட்டார். விழும்போதே வலது தோளில் ‘டக்’ என்று கேட்டது, எலும்பு போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். எல்லாம் நினைவிருக்கிறது, சாலை ஓரத்தில் கிடந்த நீலப் பாட்டில் மூடி கூட நினைவிருக்கிறது. நான் எழுந்து உட்காரப் போனேன், அதற்குள் அவர் நடுநடுவே விசிலை ஊதிக்கொண்டு ‘வந்துருச்சு, வந்துருச்சு, எல்லாரும் வாங்க’ என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். எதற்காகவோ காத்துக்கொண்டிருந்த மனிதர்கள் போல நாலு பேர் என் மேல் வந்து விழுந்தார்கள். ஒருவர் கால், ஒருவர் தலை, இரண்டு பேர் ஆளுக்கொரு கை. உடைந்த பக்கத்துக் கையைத்தான் இருக்கிறவர்களிலேயே குண்டானவர் பிடித்தார்.

வலித்தால் மனுஷி என்ன செய்வாள். கையை உதறினேன், கத்தினேன், ‘விடுங்கடா, எலும்பு, எலும்பு’ என்றேன். நான் உதற உதற அவர்களுக்கு அது வலிப்பு. நான் கத்தினால் அது பிதற்றல். இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். அசையாமல் கிடந்திருந்தால் மயக்கம் என்று தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், எப்படி இருந்தாலும் அவர்களிடம் எனக்கு ஒரு நோய் தயாராக இருந்தது. அப்போதுதான் விசில் தன் பையிலிருந்து அந்தச் சாமானை எடுத்தார். டயர் கழற்றுகிற லிவர். அதைச் சும்மா வைத்திருக்கவில்லை, ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்பை அதன் மேல் அழகாகச் சுற்றி, தனியாக ஒரு சிவப்புப் பைக்குள் போட்டு, எனக்காகவே மாதக்கணக்காக முதுகில் சுமந்து வந்திருக்கிறார். என் வாயில் வைக்க. நான் எதைச் செய்யவே கூடாது என்று முதல் நாள் எல்லார் முன்னாலும் சொன்னேனோ அதையே, அவ்வளவு அக்கறையாக, டேப் சுற்றி. நான் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாய்க்குள் லிவர் போனது, பல் போனது.

என்னைக் காப்பாற்றியது உன் தங்கையின் கணக்கு டீச்சர். அவளும் சங்கத்தில் இருக்கிறாள், என்னோடு சேர்ந்து ஓட்டுகிறவள், அன்று பங்க்சர் ஆகிப் பின்னால் தங்கிவிட்டாள். வந்து சேர்ந்ததும் சைக்கிளைக் கூட நிறுத்தவில்லை, போட்டுவிட்டு, ‘எல்லாரும் எழுந்திருங்கடா, அவங்க பேசிட்டு இருக்காங்க, காது இல்லையா உங்களுக்கு’ என்று ஒரு சத்தம் போட்டாள். நாலில் இரண்டு பேர் அவளிடம் படித்தவர்கள், சட்டென்று எழுந்து கைகட்டி நின்றார்கள். நான் லிவரையும் பாதிப் பல்லையும் சாலையில் துப்பிவிட்டு எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் சொன்னேன். அதைக் கேட்டு அந்தப் பெரியவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக, ‘அப்பாடா, தெளிஞ்சிட்டாங்க’ என்றார். அன்று மாலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவரே ஒரு செய்தி போட்டார், தக்க சமயத்தில் எடுத்த நடவடிக்கையால் ஒரு சகோதரியின் உயிர் காப்பாற்றப்பட்டது என்று. அதன் கீழே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன, எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. பல் டாக்டரிடம் போனபோது எதனால் உடைந்தது என்று கேட்டார், முதலுதவியால் என்று சொன்னேன், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இந்தச் செய்தியைத்தான் உனக்கும் அனுப்பி, பிறகு போனிலும் சொல்லியிருக்கிறார். நீ நம்பிவிட்டாய். ‘என்னம்மா நடந்தது’ என்று என்னைக் கேட்காமல், ‘சைக்கிளை வித்துடும்மா’ என்றுதான் முதலில் சொன்னாய். பிறகு ஒரு படம் அனுப்பினாய், முதுகு சாய்ந்துகொண்டு மிதிக்கிற ஒரு வீட்டு சைக்கிள், அதில் ஒரு கிழவர் செய்தித்தாள் படித்துக்கொண்டே சிரிக்கிறார். அந்தப் படத்தை உன் அப்பாவுக்குக் காட்டினேன், ‘நல்ல நாற்காலி’ என்றார். பெரியவனே, எனக்குக் கடைசியாக வலிப்பு வந்தது எங்கே என்று உனக்கு நினைவிருக்கிறதா. சமையலறையில், நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு நாற்காலியை யாரும் தடை செய்யவில்லை. வெங்காயத்தையும் தடை செய்யவில்லை. சைக்கிளில் எனக்கு ஒரு தடவை கூட வந்ததில்லை, ஆனால் சைக்கிள்தான் ஆபத்து. நான் வேலை பார்க்கிற ரொட்டிக் கடையின் முதலாளியும் இதே புத்திசாலிதான், விஷயம் தெரிந்ததும் என்னை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து அட்டைப் பெட்டி மடிக்கிற மேசையில் போட்டார். அது கூடப் பரவாயில்லை, அடுப்பு அடுப்புதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார், காது கேட்காதவர்களிடம் சத்தமாகப் பேசுவது போல எனக்கு மெதுவாகப் பேசினால்தான் புரியும் என்று நினைக்கிறார்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. அது எப்போது வேண்டுமானாலும் வரலாம், எனக்குத் தெரியும், உங்கள் எல்லாரையும் விட எனக்குத்தான் தெரியும், நடுவில் ஒரு துண்டு நேரம் காணாமல் போய் எல்லாருடைய முகமும் மாறியிருக்கிற அறையில் கண் விழிப்பது நான்தானே. மாத்திரை ஆரம்பித்த புதிதில் பகலெல்லாம் பஞ்சுக்குள் நடப்பது போல இருந்தேன், உடம்பு ஊதியது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. நரம்பு டாக்டரம்மாதான் நடக்கச் சொன்னார், நடந்தேன், பிறகு உன் அப்பா உன்னுடைய பழைய சைக்கிளைத் தூசி தட்டிக் கொடுத்தார். தெரு முனை வரை போனேன், பிறகு ரயில்வே கேட் வரை, பிறகு கிடங்குச் சாலை, இப்போது ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் போய் வந்து வீட்டில் சமைக்கிறேன். நீண்ட தூரம் போவது வேகத்தால் இல்லை, அது உனக்குப் புரியாது, பசிப்பதற்கு முன்னால் சாப்பிட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்னால் உப்புப் போட்ட தண்ணீர் குடிக்க வேண்டும், முதல் மணி நேரத்தில் யார் முந்தினாலும் விட்டுவிட வேண்டும், நாலாவது மணி நேரத்தில் அவர்களே மரத்தடியில் படுத்திருப்பார்கள். அந்த நாலாவது மணி நேரத்தில், கால் தானாக மிதிக்கிறபோது, என் உடம்பு நான் சொல்வதைக் கேட்கிறது. சொன்னபடி கேட்காத உடம்போடு இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா. உனக்கு மூன்றாவது மாடிக்கு ஏறினாலே போனில் மூச்சு இரைக்கிறது, எனக்கு இங்கே கேட்கிறது. உன்னை யாரும் தடை செய்யவில்லை.

தோள் கட்டோடு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம், அப்பா, நான், கணக்கு டீச்சர். அவர் அவசரப்படாமல் எல்லாம் கேட்டார். விழுந்தது நினைவிருக்கிறதா, விழுந்த பிறகு குழப்பம் இருந்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டீர்களா, மாத்திரை தவறியதா, முதல் நாள் தூங்கினீர்களா. நீல மூடி வரை சொன்னேன். டீச்சர் தான் வந்தபோது நான் நாலு பேரையும் திட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னாள், எந்த வார்த்தைகள் என்பதையும் சொன்னாள், டாக்டரம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. இது வலிப்பு இல்லை, சாதாரணமாகக் கீழே விழுந்தது, மருந்து அளவைக் கூட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். குளிர் விட்டதும் சங்கம் இருநூறு கிலோமீட்டர் போகிறது, நான் போகலாமா என்று கேட்டேன். எலும்பு கூடினால் போகலாம் என்றார், ஆனால் சும்மா விடவில்லை. தனியாகப் போகக் கூடாது, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூடவே வர வேண்டும், ஆற்றுப் பாலத்தில் இறங்கி நடந்து போக வேண்டும், தலைக்கவசம் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது, மாத்திரை நேரம் தவறக் கூடாது, முதல் நாள் ராத்திரி முழுத் தூக்கம். ‘தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்து என் முன்னாடி உக்காந்தீங்கன்னா நானே சைக்கிளைப் பூட்டிடுவேன்’ என்றார். இவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, அதனால் ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன். நான் யார் பேச்சையும் கேட்கமாட்டேன் என்று நீ சொன்னாயாமே. அர்த்தம் உள்ள பேச்சைக் கேட்பேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறை, சுவரில் பழைய டயர்கள் தொங்கும், பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் இருநூறு கிலோமீட்டருக்கு வரலாமா கூடாதா என்பதுதான் கூட்டத்தின் பொருள். என்னை எல்லாருக்கும் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள், வேலைக்கு ஆள் எடுப்பது போல. நான் டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன், விசில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ‘அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணு கேட்டுடணும்’ என்று தன் போனை மேசை மேல் வைத்து அழுத்தினார். உன் குரல். ‘சார், அம்மா யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க சார். நீங்கதான் எப்படியாவது நிறுத்தணும். நாங்க தூரத்துல இருக்கோம், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.’ தகரக் கூரையில் பட்டு உன் குரல் இரண்டு தடவை கேட்டது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். உன் தங்கை என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவள் காது சிவந்துவிட்டது, அதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுது என்று சொல்லிவிட்டேன். என் பல்லை உடைத்த மனிதரிடம் என் பிள்ளை என்னை ஒப்படைத்துவிட்டான். எலும்பு உடைந்தபோது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, இதைச் சும்மா சொல்லவில்லை.

அழுதால் அதையும் நோயில் சேர்த்துவிடுவார்கள், அதனால் அழவில்லை. எழுந்து நின்று, சரி, நிறுத்துவதற்கு முன்னால் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். விசிலைத் தரையில் படுக்கச் சொன்னேன். ‘நானா’ என்றார். ‘தலைவர் நீங்கதானே, படுங்க’ என்றாள் கணக்கு டீச்சர். அவர் புதிதாக வாங்கிப் போட்டிருந்த ஜெர்சியைக் கழற்ற வைத்து, அதையே மடித்து அவர் தலைக்கடியில் வைத்தேன், பனியனோடு கிடந்தார், தரை சில்லென்று இருக்கிறது என்று முனகினார். என் ஒரு கையால் முடியாததை டீச்சர் செய்தாள், அவரை ஒருக்களித்துப் புரட்டினாள். பாருங்கள், இப்படித்தான், ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும், கழுத்தில் இறுக்கமாக எது இருந்தாலும் தளர்த்த வேண்டும், என்று சொல்லி அந்த விசிலைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிடித்து அழுத்தக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும், அதற்குள் முடிந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வாயில் எதையும், எதையுமே, வைக்கக் கூடாது. தரையில் கிடந்தபடியே அந்தப் பெரியவர் கேட்டார், ‘அப்போ நாக்கை முழுங்கிட்டா?’ என்று. ‘நாக்கு என்ன மாத்திரையா சார் முழுங்குறதுக்கு’ என்றேன். அறையே சிரித்துவிட்டது, என் கையைப் பிடித்து அழுத்திய குண்டானவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு அவரே எழுந்து வந்து, ‘அக்கா, தெரியாம பண்ணிட்டேன்’ என்றார், ‘தெரியாம பண்ணலை, சொன்னதைக் கேக்காம பண்ணீங்க’ என்றேன், ஆமாம் என்றார். அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவரை மன்னித்துவிட்டேன்.

விசில் எழுந்து ஜெர்சியில் ஒட்டிய தூசியைத் தட்டிப் போட்டுக்கொண்டதும் பழையபடி தலைவர் ஆகிவிட்டார். குழுவில் பாதிப் பேர் என் பக்கம் வந்துவிட்டதைப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். நான் கடைசியில் ஓட்ட வேண்டும், வண்டியில் சிவப்புக் கொடி கட்டிக்கொள்ள வேண்டும், எல்லாருக்கும் தெரியும்படி. கொடி கட்டுவது நீளமான சாமான் ஏற்றின லாரிக்கு, எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், அதைக் கைவிட்டார்கள். பிறகு, குடும்பத்தில் பொறுப்பான ஒருவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். உன் அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார், ‘நான் இருக்கேனே, நான் சொல்றேன்’ என்றார். ‘நீங்க உங்க வீட்டம்மா பேச்சைக் கேக்குற ஆளு, உங்க சம்மதம் செல்லாது’ என்றார் விசில். ஐம்பது வயது மனிதர், பேருந்துப் பணிமனையில் முப்பது பேரை மேய்க்கிறவர், மனைவி பேச்சைக் கேட்கிறார் என்பதால் அவர் கணக்கில் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து அன்று மாலை முழுக்க ஒரு ஸ்டாண்டு அடித்தார், பழைய இரும்புக் குழாய்களை வெட்டி, சைக்கிளின் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும்படி. இப்போது அது சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நிற்கிறது. தூளியில் ஒரு கையோடு நான் அதில் உட்கார்ந்து காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மிதிக்கிறேன், குழாய் ஒழுகுகிற சத்தமும் சக்கரம் சுற்றுகிற சத்தமும்தான். கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன மாவு மில்லா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம், நாளை முதல் கூலிக்கு அரைக்கிறோம் என்றார் உன் அப்பா. கூட்டத்துக்கே திரும்ப வருகிறேன், அவர்கள் கடைசியில் முடிவு செய்தது என்னவென்றால், உன் சம்மதம் வேண்டும். நீ படித்தவன், நீ தூரத்தில் இருப்பவன், நீ ஏற்கெனவே பொறுப்பாகப் பேசியவன். நீ சரி என்று குரல் அனுப்பினால் நான் அந்தச் சாலையில் ஓட்டுவேன். அனுப்பாவிட்டால் அதே நாளில், அதே இருநூறையும், இந்தச் சமையலறை வாசலில் இந்த ஸ்டாண்டு மேல் ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு ஓட்டி முடிப்பேன். தனியாகச் சாலையில் போக மாட்டேன், டாக்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஓட்டுவது நிச்சயம். எங்கே என்பதை மட்டும் உன் கையில் கொடுத்துவிட்டார்கள் அந்தப் புத்திசாலிகள்.

நீ பயந்துதான் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும், ராஜா. தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பயம் பெரிதாகத் தெரியும், பக்கத்தில் இருந்தால் செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கும். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். செருப்புக் கடை உனக்கு நினைவிருக்கிறதா. உனக்கு எட்டு வயது, பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனோம், ஒரு காலில் புது ஷூ மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது, பிறகு கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். கடையே கூடிவிட்டதாம், யாரோ ஷூ மாட்டுகிற கரண்டியை எடுத்துக்கொண்டு என் வாய்க்கு வந்தாராம். நீ உன் சட்டையைக் கழற்றி என் தலைக்கடியில் வைத்துவிட்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுங்காலுமாக, அத்தனை பெரிய மனிதர்களுக்கும் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாயாம். அழவில்லையாம். நீ சொன்னதை அந்தக் கடைக்காரர் போன வருஷம் கூட என்னைப் பார்த்தபோது சொல்லிச் சிரித்தார். அந்தத் தகர அறையில் உன் குரல் ஒலித்தபோது நான் அந்தப் பையனுடைய குரலைத் தேடினேன், அதில் அவன் இல்லை.

இனி வழக்கமான புத்திமதி. காலையில் வெறும் காபியோடு ஓடாதே. லிஃப்டை விட்டுப் படியில் ஏறு, முதலில் ஒரு மாடி, பிறகு இரண்டு. ராத்திரி போனை வைத்துவிட்டுத் தூங்கு, தூக்கம் எனக்கு மட்டும் மருந்து இல்லை. உன் தங்கைக்கு அடுத்த மாதம் பரீட்சை, அவளுக்கு இரண்டு வரி தனியாக எழுது, இவ்வளவு எழுதியதற்கு அவளுக்கு அதாவது கிடைக்கட்டும். பல் கட்டி முடிந்ததும் போனில் பேசுகிறேன், அதுவரை நீ கூப்பிட்டால் அப்பாதான் எடுப்பார். உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய், நீண்ட ஆயுளோடும் நல்ல மூச்சோடும் இருப்பாய், கோபத்திலும் அம்மாவின் ஆசீர்வாதத்துக்குக் குறைவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் விசில் உன்னை மறுபடி கூப்பிடுவார், அதையும் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவார். என்ன சொல்வது என்று நீ யோசித்துத் தவிக்க வேண்டாம். செருப்புக் கடையில் சொன்னதையே சொல்: ‘யாரும் எங்க அம்மா வாயில எதுவும் வைக்காதீங்க. தள்ளி நில்லுங்க. அவங்க எழுந்திருப்பாங்க.’

இப்படிக்கு,
எழுந்து உட்கார்ந்துவிட்ட உன் அம்மா
(எழுதியது தங்கை)